மலைச் சரக்கும் மெய்யுரையும்

கொல்லிமலையின் பழைய பிரிவுகளுக்கு நாடுகள் என்று பெயர். வளவந்தி நாடு, வாழப்பூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு என அவை வழங்கி வருகின்றன. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை வளைவுகள் ஏறிச் செல்லும் பாதை வழியாக இந்நாடுகளின் மிளகும், காப்பியும், பலாவும், மலை வாழையும், தேனும், சாமையும் சமவெளிக்கு இறங்கி வருகின்றன. சமவெளியிலிருந்து அவற்றின் புகழ் சென்னைக்கும் அப்பாலும் பரவியிருக்கிறது. இன்று 'கொல்லிமலை' என்ற பெயரே ஒரு சரக்காகிவிட்டது. புட்டியின் மீது அச்சொல் இருந்தால் வாங்குவோர் சற்று அதிக விலை கொடுக்கவும் மனம் இசைகிறார்கள். ஒரு பெயருக்கு மதிப்பு உண்டாகும்போது அப்பெயரைக் குறித்து மெய் சொல்வோரும் வேண்டும். அத்தகையோர் போதிய அளவில் இருக்கின்றனரா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் விஷயம்.

முற்காலத்தில் சரக்கின் குணம் அறிய விரும்பியவர் அண்டை வீட்டாரையோ, பழகிய கடைக்காரரையோ கேட்டார். பின்னர் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்தார். அதற்கும் பின் கூகுள் முதலிய தேடுபொறிகள் பத்துப் பக்கங்களைக் காட்ட, அவற்றுள் இரண்டு மூன்றையேனும் திறந்து படித்துத் தாமே தீர்மானித்தார். இப்பொழுது அந்த வழக்கமும் மாறி வருகிறது. 2024 ஆகஸ்டு மாதத்தில் கூகுள் நிறுவனம் செயற்கை நுண்ணறிவு தொகுத்தளிக்கும் விடைகளை இந்தியாவில் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் சாட்ஜிபிடி தனது தேடற் பகுதியை வெளியிட்டது. 'அரிசி நல்லதா, சாமை நல்லதா?' என்று கேட்டால், இயந்திரம் சில பக்கங்களைத் தேடியெடுத்து, அவற்றினின்று சில வாக்கியங்களைப் பொறுக்கி, தன் நடையில் ஒரே விடையாகக் கோத்து, அடியில் இரண்டொரு மேற்கோள்களையும் காட்டுகிறது. கேட்டவரிற் பலர் அவ்விடையோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்த இயந்திரம் சாமைச் சோற்றை உண்டதில்லை, மிளகை மென்றதில்லை. பிறர் எழுதியதே அதன் அறிவு. எழுதியவன் மெய்யனாயின் அதன் விடையும் பெரும்பாலும் மெய்யாகும். எழுதியவன் புளுகனாயின் அப்புளுகையே அது பணிவான குரலில் ஊருக்கெல்லாம் ஒப்பிக்கும். 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் நடந்தது உலகறிந்த செய்தி. பிட்சா என்னும் பண்டத்தில் பாலாடைக்கட்டி ஒட்டாமல் வழுக்குகிறதே என்று கேட்டவருக்கு, அதில் சிறிது பசையைக் கலக்குமாறு கூகுளின் புதிய விடைப்பொறி யோசனை கூறிற்று. ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு முன் எவரோ வேடிக்கைக்காக எழுதிய ஒரு வரியை அது மெய்யென்று எடுத்துக்கொண்டதே காரணம். வேடிக்கை வரியேனும் பார்த்தவுடன் நகைப்பை விளைவித்தது. வியாபாரி தன் சரக்கையே முதலிடத்தில் வைத்து, 'தலைசிறந்த பத்து' என்று தானே எழுதிக்கொள்ளும் பட்டியல் நகைப்பை விளைவிப்பதில்லை. அது நம்பிக்கையை விளைவிக்கிறது. அபாயம் அதிலேதான் அதிகம்.

இவ்வியந்திரங்கள் எத்தகைய எழுத்தை விரும்பி மேற்கோள் காட்டுகின்றன என்பதைப் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையையும் டெல்லி ஐ.ஐ.டி.யையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர் முதலியோர் 2023இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 10,000 கேள்விகளைக் கொண்டு அவர்கள் பரிசோதித்தனர். ஆதாரம் காட்டுதல், நிபுணர் கூற்றை எடுத்தாளுதல், எண்களைத் தருதல் ஆகியவற்றால் ஒரு பக்கம் விடையிற் பெறும் இடம் நூற்றுக்கு 40 வரையில் உயரக்கூடும் என்று கண்டனர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்கும் பழைய தந்திரம் பயன்படவில்லை என்றும் கண்டனர். இது நற்செய்தியே. ஆயினும் இதை இருமுனைக் கத்தி என்றே நாம் கருதுகிறோம். மெய்யான எண்ணை எழுதுவோனுக்கு எது உதவுகிறதோ, அதுவே பொய்யான எண்ணைப் புனைவோனுக்கும் உதவும். ஆகவே எண் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. அவ்வெண் எங்கிருந்து வந்தது, அதை வேறொருவர் சரிபார்க்க இயலுமா என்றே கேட்க வேண்டும்.

மலையில் விளையும் சாமையையே உதாரணமாகக் கொள்வோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைகளின்படி, 100 கிராம் சாமையில் புரதம் சுமார் 10.1 கிராமும், நார்ச்சத்து 7.7 கிராமும் உள்ளன. தீட்டிய அரிசியில் அவை முறையே 7.9 கிராமும் 2.8 கிராமுமே. இங்கே சாமை வெல்கிறது. அதே அட்டவணையில் கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம். அரிசியிலோ 8 மில்லிகிராம்கூட இல்லை. இங்கே கேழ்வரகின் வெற்றி பெரிது. ஆனால் புரதத்தைப் பார்த்தால் கேழ்வரகில் 7.2 கிராமே உள்ளது. அதாவது தீட்டிய அரிசியைவிடச் சற்றுக் குறைவு. சுண்ணாம்புச் சத்திலோ சாமையில் 16 மில்லிகிராமே உள்ளது. கேழ்வரகின் பக்கத்தில் அது நிற்கவும் முடியாது. 'சிறுதானியம் எல்லாம் எல்லாவற்றிலும் அரிசியை வெல்லும்' என்று எழுதுவோன் முதல் வரியிலேயே பொய்யனாகிறான்.

இரும்புச் சத்தின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அந்நிறுவனத்தின் பழைய அட்டவணையில் சாமைக்கு 9.3 மில்லிகிராம் இரும்பு என்று கண்டிருந்தது. 2017ஆம் வருஷத்து அட்டவணையிலோ அது 1.26 மில்லிகிராம் மட்டுமே. பழைய எண் பெரிதாகவும் கவர்ச்சியாகவும் இருப்பதால் அதையே எடுத்துப் போடுவது விற்போருக்கு வசதி. இயந்திரமும் பல இடங்களில் அதையே கண்டால் அதையே திருப்பிச் சொல்லும். இரத்த சோகையால் வாடும் ஒரு பெண், இரும்பு நிறைந்ததென்று சாமையையே நம்பி மருந்தைக் கைவிடுவாளானால், அந்தப் பழைய எண்ணை அறிந்தே எழுதியவனுக்கு அப்பழியில் பங்கில்லையா? நேர்மையுள்ளோன் இரண்டு எண்களையும், அவை வந்த இடங்களையும், புதியது எதுவென்பதையும் சொல்லி, தானியத்தைத் தீட்டத் தீட்டச் சத்துக் குறையும் என்பதையும் சேர்த்தே எழுதுவான்.

நீரிழிவைப் பற்றிய பேச்சும் இத்தகையதே. சாமையில் நார்ச்சத்து மிகுதி என்பது உண்மை. எனினும் 100 கிராமில் சுமார் 65 கிராம் மாவுச்சத்து அதிலும் இருக்கிறது. அரிசியில் 78 கிராம். இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. ஆனால் சாமை மருந்தல்ல. அளவின்றி உண்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றவே செய்யும். நீரிழிவு தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கிறது. நோய் தீர்க்கும் என்று உணவுப் பண்டத்தைப் பற்றி உரிய அனுமதியின்றிப் பறைசாற்றுவதை 2018ஆம் வருஷத்து உணவு விளம்பர விதிகளும் தடை செய்கின்றன. சட்டம் விலக்கியதை விளம்பரத்திற் சொல்லாமல் கட்டுரையின் போர்வையிற் சொல்வது குற்றத்தைக் குறைக்காது.

எந்தச் சோதனையால் ஒப்பிட்டோம் என்பதைச் சொல்லாத ஒப்பீடும் பயனற்றது. தேனின் கதை இதற்குச் சான்று. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைப் பரிசோதித்து முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான சோதனைகளில் பெரும்பாலானவை தேறின. ஜெர்மனியில் நடந்த காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் மூன்று நிறுவனங்களின் தேனே முற்றிலும் தேறியது. குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவனங்கள் அம்முடிவுகளை மறுத்தன. 'இத்தேன் சோதனையில் தேறியது' என்னும் ஒரு வரி மெய்யாயிருந்தும் வாசகரை ஏமாற்றக்கூடும் என்பது இதனால் விளங்கும். எந்தச் சோதனை, எங்கே நடந்தது, யார் செலவில் நடந்தது, எதிர்த்தரப்பார் கூறியது என்ன என்னும் நான்கும் சேர்ந்தால்தான் அது முழு மெய்யாகும்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டிகள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1936இல் தோன்றிய வாடிக்கையாளர் சங்கம் பரிசோதிக்கும் பொருள்களைக் கடையிலே விலை கொடுத்தே வாங்குகிறது. தன் பத்திரிகையில் விளம்பரமே ஏற்பதில்லை. இங்கிலாந்தில் 1957 முதல் அத்தகைய பத்திரிகை நடந்து வருகிறது. நம் நாட்டிலும் 1978இல் ஆமதாபாத்தில் நிறுவப்பட்ட வாடிக்கையாளர் கல்வி மையம் பொருள்களை ஒப்பிட்டுச் சோதித்து வந்திருக்கிறது. அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2019ஆம் வருஷத்து வாடிக்கையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையம், 2022 ஜூன் மாதத்தில் பொய் விளம்பரங்களைத் தடுக்கும் வழிமுறைகளை வெளியிட்டது. ஒரு பொருளைப் புகழ்வோனுக்கும் அதை விற்போனுக்கும் உள்ள பணத் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் இணையத்தில் எழுதப்படும் மதிப்புரைகளுக்கென இந்தியத் தர அமைப்பு தனியொரு தரம் வகுத்தது. விதிகள் இருக்கின்றன, அவற்றை மனமாரப் பின்பற்றுவோரே தேவை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 'மலைவாசியின் சரக்குக்கு இப்பொழுதே போதிய விலையில்லை. அதன் குறையையும் எடுத்தெழுதினால் அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவதாகாதா?' என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். நல்லெண்ணத்தால் எழுந்த கேள்வியாயினும் இது தவறான கேள்வி என்பது நமது துணிபு. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை, ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளிக் கிழங்கு சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பிடித்துக்கொண்டது. சிறுதானியத்தைக் குத்திப் புடைக்கும் உழைப்பு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் அதன் சாகுபடி சுருங்கியதற்கு ஒரு காரணம். 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைவாழ் மக்களோடு சேர்ந்து விதைகளைக் காத்து, உமி நீக்கும் இயந்திரங்களைக் கொணர்ந்து, விற்பனைக்கும் வழி தேடி உழைத்திருக்கிறது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, பெருஞ்சாமை என்று ஒரு சாமைக்கே அங்கே எத்தனை இனங்கள்!

அடைமொழிகளை எவனும் திருடலாம். 'தூய்மையானது, இயற்கையானது, அற்புதமானது' என்று எந்த ஊர்ச் சரக்கின் மீதும் எவனும் ஒட்டிவிடலாம். ஆனால் 'இது பைல் நாட்டில் இன்ன மாதம் அறுத்த இன்ன இனச் சாமை. இன்ன அளவு தீட்டியது. கிலோ இன்ன விலை. வேக இன்ன நேரம் ஆகும். குழைந்த சோறு விரும்புவோருக்கு ஏற்காது' என்று எழுதினால் அதைத் திருடுவது எளிதன்று. விவரம் தவறினால் அடுத்த வாசகரே கண்டுபிடித்து விடுவார். மலையின் உழவனுக்கு நேர்மையான விவரமே வேலி. குறையைச் சொன்ன வாயே நிறையைச் சொல்லும்போது வாங்குவோர் நம்புகிறார்கள். இயந்திரமும், அதன் இயல்பு நாம் மேலே கண்டபடி இருக்குமாயின், வெறும் புகழ்ச்சியைவிட ஆதாரமுள்ள விவரத்தையே பொறுக்கியெடுக்கும்.

ஆகவே ஒப்பீடு எழுதப் புகுவோர் சில கட்டுப்பாடுகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டுமென வற்புறுத்துகிறோம். சரக்கை இனாமாகப் பெறாமல் விலை கொடுத்து வாங்குக. இனாமாய்ப் பெற்றிருந்தால் முதல் வரியிலேயே அதைச் சொல்லுக. வாங்கிய இடம், நாள், விலை ஆகியவற்றைக் குறித்திடுக. எல்லாச் சரக்கையும் ஒரே அளவுகோலால் அளந்திடுக. தாம் சோதித்ததையும் பிறர் சொன்னதையும் வேறு வேறாக எழுதுக. எந்தச் சரக்கு யாருக்கு ஏற்காது என்பதையும் எழுதுக. விலையோ குணமோ மாறினால் பழைய கட்டுரையைத் திருத்தித் திருத்திய நாளையும் காட்டுக. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு தராசும், ஒரு நோட்டுப் புத்தகமும், மனச்சான்றுமே போதும்.

இப்பணி தமிழில் நடக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்த விரும்புகிறோம். நம் சாமையின் இனப்பெயர்களும், அவற்றைச் சமைக்கும் பக்குவமும் தமிழிலேதான் வாழ்கின்றன. அவற்றை நாமே எழுதி வைக்காவிடில், நாளைக்கு நம் பிள்ளை தன் மலையின் தானியத்தைப் பற்றித் தமிழிற் கேட்கும்போது, எங்கோ எழுதப்பட்ட விளம்பரத்தின் மொழிபெயர்ப்பே அவனுக்கு விடையாகக் கிடைக்கும். நாமக்கல், சேலம் கலாசாலை மாணவர்களும், மலையின் சுய உதவிக் குழுப் பெண்களும், உழவர் கூட்டமைப்புகளும், வாடிக்கையாளர் சங்கங்களும் கைகோத்து, பருவந்தோறும் மலைச் சரக்குகளை ஒப்பிட்டு மெய்யான மதிப்புரைகளை வெளியிடுவார்களாக. சந்தையில் நிறுப்பவன் கை கோணினால் ஏமாறுவோர் ஒரு சிலர். எழுதுவோன் கை கோணினாலோ, இயந்திரத்தின் வாய்வழி ஏமாறுவோர் இலட்சக்கணக்கானோர். எழுதுகோலைத் தராசுக் கோலாகக் கருதி நேரே பிடிப்போரையே பைல் நாட்டு உழவனும், அவன் விளைவை உண்ணும் பட்டணத்துக் குடும்பமும் எதிர்நோக்கியிருக்கின்றனர்.