மிக்சி நின்றுவிட்டதா? தூக்கி எறியாதீர்கள்!

திருக்கனூரில் பழைய காகிதம்கூட வீணாவதில்லை.

காகிதத்தைத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். கூழாக்குகிறார்கள். பசை சேர்த்துப் பிசைகிறார்கள். அச்சில் அழுத்திக் காய வைத்து வண்ணம் தீட்டுகிறார்கள். குப்பைக்குப் போக வேண்டிய காகிதம், அழகான பொம்மையாகிக் கொலுவில் உட்கார்ந்து விடுகிறது!

புதுச்சேரியின் மேற்குக் கோடியில், மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள ஊர் திருக்கனூர். எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். இந்த ஊரின் காகிதக் கூழ் கைவினைக்கு "புவிசார் குறியீடு" கிடைத்திருக்கிறது. அதாவது, திருக்கனூர் என்ற பெயரை வேறு ஊரார் தங்கள் சரக்குக்குச் சூட்டி விற்க முடியாது.

காகிதத்துக்கே மறுபிறவி கொடுக்கிறது ஒரு சின்ன ஊர். ஆனால், உலகம் போகிற போக்கு வேறாக இருக்கிறது. ஆயிரக் கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய மின்சாரச் சாமான்களை, சின்னக் கோளாறு வந்ததும் மூலையில் போடுகிறோம்!

2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் தூக்கி எறிந்த மின்சாரச் சாமான்களின் எடை என்ன தெரியுமா? 6 கோடியே 20 லட்சம் டன்! இது ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் போட்ட கணக்கு. இதில் முறைப்படி சேகரித்து மறு உபயோகத்துக்குப் போனதாகக் கணக்கில் வந்தது, நாலில் ஒரு பங்குகூட இல்லை.

"பார்ட்ஸ் வராதும்மா!"

காலை நேரம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். சட்னிக்குத் தேங்காயைப் போட்டு மிக்சியைத் திருகினால் சத்தமே இல்லை. எத்தனை வீடுகளில் இது நடக்கிறது!

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன பதில் வருகிறது?

"இந்த மாடலுக்கு இப்போ பார்ட்ஸ் வராதும்மா. பேசாம புதுசு வாங்கிடுங்க."

அந்த அம்மாள் என்ன செய்வார்? மாதக் கடைசி. தவணையில் புதிய மிக்சி வாங்குகிறார். பழையது பரணுக்குப் போகிறது.

கடைக்காரர் மீது மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் அவர்தான் என்ன செய்வார்? குறை, பொருளைச் செய்த இடத்தில் இருக்கிறது. திருப்புளி கொண்டு திறக்க முடியாதபடி மூடி விடுகிறார்கள். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி விடுகிறார்கள். ஒரு சின்னத் துண்டு உடைந்தால், அதோடு சேர்ந்த பெரிய பாகத்தையே வாங்கு என்கிறார்கள்.

திறக்க முடியாத பொருள் நம் வீட்டில் இருக்கலாம். ஆனால் அது முழுக்க நம்முடையது ஆகாது!

கைபட்டுப் பிறந்த யந்திரங்கள்

நம் சமையலறை யந்திரங்களின் கதையே ரிப்பேர் தெரிந்த கைகளின் கதைதான்.

ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினால் கை ஓய்ந்துவிடும். அந்தக் கல்லை மோட்டார் வைத்துச் சுற்றினால் என்ன? இந்த யோசனைக்கு உருவம் கொடுத்தவர் கோயமுத்தூர் பி. சபாபதி. ஆண்டு 1955. அந்த "வெட் கிரைண்டர்" இன்று தமிழர்கள் வாழும் நாடுகளுக்கெல்லாம் போகிறது. திருக்கனூர் பொம்மையைப் போலவே கோவை கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு உண்டு.

மிக்சியின் கதை இன்னும் சுவையானது.

பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினீயர் இருந்தார். அவருடைய மனைவி மாதுரி, வெளிநாட்டில் செய்த மிக்சி ஒன்றை வைத்திருந்தார். நம் ஊர் அரைப்புக்கு அது தாங்கவில்லை, மோட்டார் போய்விட்டது. இங்கே அதை ரிப்பேர் செய்ய வழி இல்லை.

"நீங்கள் என்ஜினீயர்தானே? நம் சமையலுக்குத் தாங்குகிற மிக்சி ஒன்று செய்யக் கூடாதா?" என்பது மனைவியின் கேள்வி. கணவர் செய்து காட்டினார்! 1960-களில் பிறந்த அந்த மிக்சிதான் பிறகு நாடெங்கும் புகழ் பெற்ற "சுமீத்".

பாருங்கள்! ரிப்பேர் செய்ய முடியாத ஒரு பொருளால் வந்த எரிச்சல்தான், இந்தியச் சமையலறைக்கு ஒரு மிக்சியைத் தந்தது.

பல்புக்கு ஆயுள் குறைத்தவர்கள்

"பொருள் சீக்கிரம் கெடுவது தற்செயல்தானே?" என்று சிலர் கேட்கலாம். எப்போதும் அப்படி அல்ல.

1924-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடின. ரகசியமாக ஓர் ஒப்பந்தம் செய்தன. அதற்கு முன்பு 1,500 மணி முதல் 2,000 மணி வரை எரியும் பல்புகள் கிடைத்தன. இனி 1,000 மணி எரிந்தால் போதும் என்று முடிவு கட்டினார்கள்.

அதைவிட அதிகம் எரிகிற பல்பைச் செய்த கம்பெனிக்கு என்ன பரிசு? அபராதம்!

"பல்பு சற்றுப் பிரகாசமாக எரியும்" என்று அவர்கள் சமாதானம் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விற்பனை பெருகியதும் உண்மை. இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் அந்தக் கூட்டு உடைந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லிவர்மோர் ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-ம் ஆண்டு ஒரு பல்பை ஏற்றினார்கள். நூறு ஆண்டைக் கடந்தும் அது எரிந்தது! வெளிச்சம் என்னவோ மங்கல்தான். ஆனாலும், மனிதன் மனம் வைத்தால் எவ்வளவு காலம் உழைக்கும் பொருளைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

சிவப்புப் பட்டனைப் பார்த்தீர்களா?

மிக்சி நின்றதும் பதற வேண்டாம். முதலில் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். பிறகு மிக்சியைச் சாய்த்து அடியில் பாருங்கள். பெரும்பாலான மிக்சிகளில் சின்னச் சிவப்புப் பட்டன் ஒன்று இருக்கும்.

ஜாரில் அளவுக்கு மேல் போட்டு அரைத்தால் மோட்டார் சூடாகும். மோட்டார் எரிந்து போகாமல் காப்பாற்ற, அந்தப் பட்டன் தானாகவே மின்சாரத்தை நிறுத்திவிடும். சில நிமிஷம் ஆற விடுங்கள். ஜாரில் இருப்பதைக் குறையுங்கள். பட்டனை அழுத்திவிட்டுப் பிறகு பிளக்கைச் செருகுங்கள். பல சமயம் மிக்சி ஓடிவிடும். ஒரு காசு செலவில்லை!

மோட்டார் சுற்றுகிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லையா? ஜாரின் அடியிலும் மோட்டாரின் தலையிலும் உள்ள "கப்ளர்" தேய்ந்திருக்கும். மோட்டாரில் தீப்பொறி பறக்கிறதா? "கார்பன் பிரஷ்" தேய்ந்திருக்கலாம். இரண்டும் சின்னச் சாமான்கள்தான். மாற்றினால் மிக்சி பிழைத்துக்கொள்ளும்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், பெரும்பாலும் குற்றவாளி "கண்டன்சர்". எலக்ட்ரீஷியன் சில நிமிஷத்தில் மாற்றிவிடுவார்.

ஆனால், புதிதாக வந்திருக்கும் ரிமோட் விசிறி வேறு ஜாதி. பழைய விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் இழுத்தால், இது 30 வாட் அளவில் சுற்றும். மின்சாரக் கட்டணம் மிச்சம், நல்லதுதான்! ஆனால் அதற்குள் எலக்ட்ரானிக் "போர்டு" இருக்கிறது. அது போனால் அதே கம்பெனி போர்டு வேண்டும். ஆகவே அதை வாங்கும்போது, "போர்டு தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஓர் எச்சரிக்கை: டெலிவிஷன், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கலாம். உயிருக்கே ஆபத்து!

சாமானுக்கு மார்க்!

"கொம்யூன்" என்ற சொல் புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்தப் பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி 1-ந் தேதி ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல், சாமான்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள்! எளிதில் கழற்ற முடியுமா? பார்ட்ஸ் கிடைக்குமா? அதன் விலை என்ன? ரிப்பேர் செய்யும் முறையைக் கம்பெனி வெளியிடுகிறதா? இவற்றைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க். செல்போன், லாப்டாப், டெலிவிஷன், வாஷிங் மிஷின், புல் வெட்டும் யந்திரம் ஆகியவை முதல் பரீட்சைக்கு உட்கார்ந்தன. மார்க்கை விலைக்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. ரிப்பேர் செய்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று சொல்லி, 2022 டிசம்பர் 24-ந் தேதி மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. 2024-ல் மார்க் போடும் முறையை ஆராய ஒரு குழு அமைத்தது. 2025 மே மாதம் குழு அறிக்கை கொடுத்தது. முதலில் செல்போனுக்கும் டாப்லெட்டுக்கும் மார்க் போடலாம் என்பது குழுவின் யோசனை.

மிக்சிக்கும் கிரைண்டருக்கும் அந்த மார்க் வர வேண்டாமா? அவைதானே ஏழை வீட்டிலும் தினமும் உழைப்பவை!

வழக்குப் போடவும் வழி உண்டு

கியாரண்டி காலத்தில் பொருள் கெட்டு, கம்பெனி இழுத்தடித்தால் என்ன செய்வது? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் கிடையாது.

அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல வசதி உண்டு. பொருளை எங்கே வாங்கினாலும், நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம்.

திருக்கனூர் போன்ற எல்லை ஊருக்கு இது பெரிய உதவி. விழுப்புரத்தில் மிக்சி வாங்கியவர், புகார் கொடுக்க விழுப்புரத்துக்கு அலைய வேண்டாம்; புதுச்சேரியிலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் கையில் பில் இருக்க வேண்டும்! பில்லையும் கியாரண்டி கார்டையும் ரேஷன் கார்டுபோல் பத்திரமாக வையுங்கள்.

வாங்கும்போதே கேளுங்கள்!

"புதிது மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு ரிப்பேர்?" என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று முறை வாங்கிய மலிவுப் பொருளின் விலையைக் கூட்டிப் பார்த்தால் பதில் தெரியும்.

கடையில் நிறத்தைப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம், இனாம் என்ன என்று கேட்கிறோம். இனிமேல் இந்த நான்கு கேள்விகளையும் கேட்போம்:

பார்ட்ஸ் கிடைக்குமா?

எத்தனை வருஷம் கிடைக்கும்?

பக்கத்து ஊரில் ரிப்பேர் செய்ய ஆள் உண்டா?

கியாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, முழுப் பொருளுக்குமா?

ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஊரே கேட்டால், பதில் சொல்லக்கூடிய கம்பெனியின் சரக்கைத்தான் கடையில் அடுக்குவார்!