சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

ரயில் பெட்டிகளோடு காலம் கழித்தவனிடம் கார் வாங்க யோசனை கேட்பது, மீன் பிடிப்பவனிடம் மாடு விலை கேட்பது போலத்தான். ஆனாலும் என் தங்கை மகன் சென்ற ஆண்டு இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, மூன்று மடிப்பு விலைப் பட்டியலை என் முன் விரித்தான். "மாமா, ஒரே கார்தான். ஆனா அஞ்சு விலை போட்டிருக்கான். எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, மடியில் இன்னொரு பிள்ளை என்று அடுகோடி சிக்னலைக் கடந்துகொண்டிருந்த குடும்பம் அது. வாழ்க்கையில் முதல் கார். கையில் இருக்கும் சேமிப்போடு ஏழு வருடக் கடனையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தவறினால் திருத்திக்கொள்ள வசதியில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டலில் இட்லி, வடை, காப்பி என்று வேண்டியதை மட்டும் சொல்லி வாங்குவது போல மலிவுக் காரை வாங்க முடியாது. அது முழுச் சாப்பாடு மாதிரி. அப்பளம் வேண்டாம் என்றாலும் அதே காசுதான்.

இதற்குத் தொழிற்சாலைக் காரணம் ஒன்று உண்டு. பத்து வசதிகளை "வேண்டும், வேண்டாம்" என்று வாங்குபவர் இஷ்டத்துக்கு விட்டால் 1,024 விதமான கார்கள் வரும். ஆறு நிறமும் சேர்ந்தால் 6,144. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயரிங், தனி உதிரி பாகம், தனி இருப்பு! பெட்டிகளில் இரண்டு மூன்று வகை ஒயரிங் கலந்து வந்தாலே எங்கள் பணிமனையில் என்ன பாடு படுவோம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே வசதிகளை நாலைந்து மூட்டைகளாகக் கட்டிவிடுகிறார்கள். பல கார்களில் கீழ் மாடலுக்கும் மேல் மாடலுக்கும் பெரும்பாலும் ஒரே ஒயரிங்தான் ஓடும். கீழ் மாடலில் சுவிட்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்று மூடி உட்கார்ந்திருக்கும். தினமும் அதைப் பார்க்கிறவருக்கு, தாம் காசு கொடுக்காமல் விட்டது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு காரணம் வியாபாரம். கூடுதல் வசதிக்கு வைக்கும் விலை அதன் அடக்க விலையைப் பார்த்து மட்டும் வைப்பதல்ல. அதற்கு நாம் எவ்வளவு கொடுக்கத் துணிவோம் என்பதைப் பார்த்து வைப்பது. அடிமட்ட மாடல் விளம்பரத்துக்கு. "ஆரம்ப விலை" என்று பெரிய எழுத்தில் போட அது வேண்டும். நாம் உள்ளே நுழைந்ததும், "இன்னும் முப்பதாயிரம் போட்டால்..." என்று படிப்படியாக மேலே ஏற்றுவார்கள்.

இந்தப் படிக்கட்டுக்கு நம் நாட்டிலேயே சிறந்த பாடம் டாடா நானோ. 2008 ஜனவரி 10 அன்று டெல்லிக் கண்காட்சியில் ரத்தன் டாடா அதை அறிமுகம் செய்தபோது, ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசியது. ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போகும் குடும்பத்தைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்றார் அவர். விலையைக் குறைக்க என்னென்ன செய்தார்கள்! இரண்டே சிலிண்டர், 624 சிசி எஞ்சின். முன் கண்ணாடிக்கு ஒரே வைப்பர். சக்கரத்துக்கு மூன்று நட்டு. அடி மாடலில் ஓட்டுநர் பக்கம் மட்டும் வெளிக் கண்ணாடி. பின்பக்கக் கதவு போலத் தெரிவது திறக்காது. சாமான் வைக்கப் பின் சீட்டை மடக்க வேண்டும். எஞ்சின் நிர்வாகக் கருவியை பாஷ் நிறுவனம் தந்தது. நம் அடுகோடிப் பெரியவர்கள் இன்னும் "மைக்கோ" என்றே சொல்வார்களே, 2008-இல் பெயர் மாறிய அதே நிறுவனம்தான்.

2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது டெல்லியில் அடி மாடல் சுமார் 1 லட்சத்து 23 ஆயிரம், ஏ.சி. உள்ள நடு மாடல் 1 லட்சத்து 48 ஆயிரம், பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் எல்லாம் உள்ள மேல் மாடல் 1 லட்சத்து 72 ஆயிரம். சுமார் 2 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கேட்டது மேல் மாடலை! அடி மாடலைக் கேட்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான். உலகிலேயே மலிவான கார் என்று வந்த கூட்டம், உள்ளே வந்ததும் மலிவான மாடலைத் தள்ளிவிட்டு அடுத்ததைக் கேட்டது. ஏழைக்கும் மானம் உண்டு என்பதைக் கணக்குப் போட்டவர்கள் மறந்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். பின்னால் 2014-இல் பவர் ஸ்டியரிங் கொடுத்தார்கள், 2015-இல் பின்கதவைத் திறக்க வைத்தார்கள். காலம் கடந்துவிட்டது. 2018-இல் உற்பத்தி ஏறக்குறைய நின்றது.

நானோவில் விட்டது வசதி. அடுத்து நான் சொல்லப்போவது உயிர்ச் சமாச்சாரம். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட் 2015 செப்டம்பரில் 2 லட்சத்து 57 ஆயிரத்துக்கு வந்தது. மேல் மாடலில் டச் ஸ்க்ரீன் இருந்தது. ஆனால் ஓட்டுநர் ஏர்பேக்? அதற்கு மேல் மாடலை வாங்கி, அதன்மேல் இன்னும் சுமார் 9 ஆயிரம் கட்ட வேண்டும். 9 ஆயிரம் பெறும் பையை, அடி மாடல் வாங்கியவர் கேட்டாலும் கிடைக்காது. சுமார் 87 ஆயிரம் மேலே ஏறி வந்தால்தான் அதைக் கேட்கவே முடியும். இதற்கு முன்பே, 2014 ஜனவரியில், குளோபல் என்கேப் என்ற அமைப்பு நம் நாட்டு மலிவுக் கார்களை மோதிப் பார்த்து, ஏர்பேக் இல்லாத ஐந்து கார்களுக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் போட்டிருந்தது. அதில் ஒன்றான போலோவுக்கு, இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஆனால் பை மட்டும் போதாது; க்விட்டை 2016-இல் ஏர்பேக் வைத்து மோதியும் பூஜ்யமே வந்தது. வண்டியின் கூடு உறுதியாக இருக்க வேண்டும். அதை எந்த மாடலிலும் தனியாகக் காசு கொடுத்து வாங்க முடியாது.

சந்தை தானாகக் கொடுக்காததைச் சட்டம்தான் கொடுக்க வைத்தது. 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். பிரேக், ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக், பின்னால் பார்க்கிங் சென்சார், பெல்ட் எச்சரிக்கை மணி. 2022 தொடக்கம் முதல் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக். எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருத்தினால் அது "கூடுதல் வசதி"யே அல்ல. 2025-இல் ஆல்டோ கே10 போன்ற சிறிய காரிலும் ஆறு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் வந்துவிட்டது.

இனி வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்லதே. ஆனால் நம் கர்நாடகத்தில் ஆயுள் சாலை வரி படிப்படியாக ஏறும்: 5 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 14, பத்து லட்சத்தைத் தாண்டினால் 17. தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 4 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய்க் காரில் 30 ஆயிரத்துக்கு அடுத்த மாடலுக்கு ஏறினால் வரி 63,700-லிருந்து 72,800 ஆகும். முப்பதாயிரம் என்று சொன்னது 39,100-இல் வந்து நிற்கும். செஸ் தனி.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஷோரூமுக்குப் போனோம். நடு மாடல் போதும் என்பது என் தீர்ப்பு. மேல் மாடல் 70 ஆயிரம் அதிகம். வரியோடு 80 ஆயிரம். 9 சதவீத வட்டியில் ஏழு வருடம் கட்டினால் ஒரு லட்சத்து எட்டாயிரம். எதற்கு? டச் ஸ்க்ரீன், அலாய் சக்கரம், பின் வைப்பர். பையன் முகம் வாடியது. ஸ்க்ரீனைத்தான் ஜே.சி. ரோட்டில் வாங்கிப் பொருத்தலாமே என்று சமாதானம் சொன்னேன்.

அப்போதுதான் மருமகன் மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். அவள்தான் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஓட்டிப் போகப்போகிறவள். ஐந்தடிக்கும் குறைவு. "மாமா, எனக்கு ரோடு தெரியல. பானெட்தான் தெரியுது" என்றாள்.

இருக்கையை உயர்த்தும் கைப்பிடி மேல் மாடலில் மட்டும். தனியாகப் போட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார் விற்பனைப் பையன். ஜே.சி. ரோட்டில் எதை வேண்டுமானாலும் பொருத்துவார்கள். ஆனால் மோதலின்போது ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டிய இருக்கையில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. தலையணை வைத்து ஓட்டுவதும் ஆகாது. பிரேக் பிடிக்கும்போது நழுவும். இத்தனை நேரம் கணக்குப் போட்ட நாங்கள் இரண்டு ஆண்களும், ஓட்டப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

ஒரு இரும்புக் கைப்பிடிக்காகக் கனமான மூட்டை முழுவதையும் வாங்க வேண்டியதாயிற்று. கடனைக் கூட்டாமல், மூன்று மாதம் பொறுத்து முன்பணத்தைக் கூட்டிக்கொண்டு போனோம். பில்லில் "ஆக்சஸரி பேக்" என்று 18 ஆயிரம் சேர்த்திருந்தார்கள்: மிதியடி, மட்கார்டு, இருக்கை உறை, சாவிக் கொத்து. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! எங்களுக்கு வேண்டாம், எழுதிக் கொடுங்கள் என்றதும் மேலாளர் வந்து பேசி நீக்கினார். இன்ஷூரன்சையும் அவர்கள் சொன்ன இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே விசாரித்து எடுத்தோம், குறைவாகவே வந்தது. மிதியடி மட்டும் ஜே.சி. ரோட்டில் வாங்கினோம்.

போன மாதம் அவள் ஓசூர் ரோடு வழியாகக் கிருஷ்ணகிரி வரை தானே ஓட்டிப் போய் வந்தாள். பையன் பின் சீட்டில் இருந்தபடி ஸ்க்ரீனில் பாட்டு மாற்றச் சொல்லி நச்சரித்தானாம். "ரோட்டப் பாக்கவே நேரம் போதல" என்று சொல்லிவிட்டாளாம்.