பொட்டு வைக்கிற கையோடு பேக்கப்பும் எடுங்க!

கொட்டிவாக்கத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாயைத் தாண்டினால் பெருங்குடி. அதற்கும் அப்பால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் தென்சென்னை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

கார் மேம்பாலம் ஏறிவிட்டது. தரைத்தள வீட்டில், மேஜைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர்?

அந்த இரண்டு வெள்ளத்துக்குப் பிறகும், தண்ணீரில் போன சான்றிதழ்களுக்கு மாற்று நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. ரேஷன் கார்டும் ஆதாரும் மதிப்பெண் சான்றிதழும் மறுபடி கிடைக்கும். ஆனால் மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்களையும், மறைந்த தாத்தாவின் குரல் பதிவான வீடியோவையும் எந்த முகாமிலும் மனு கொடுத்து வாங்க முடியாது. அவற்றுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டியது நாம்தான்.

பெரிய நிறுவனத்துக்கே நடந்தது!

1998-ல் அமெரிக்காவின் பிக்சார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' அனிமேஷன் படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையில், படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழியத் தொடங்கின. 'பேக்கப் இருக்கிறதே' என்று எடுத்துப் பார்த்தால், அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. காப்பாற்றியது ஒரு தாய்! குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1999 நவம்பரில் படம் வெளியானது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. இரண்டு, ஒரு நகலாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

எதை எடுப்பது?

எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. விண்டோஸையும் மென்பொருட்களையும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். மறுபடி கிடைக்காதவை எவையோ, அவைதான் முக்கியம்: போட்டோ, வீடியோ, வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், வருமான வரி ஃபைல்கள், கடை வைத்திருப்பவர்கள் என்றால் டேலி கணக்குகள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள்.

தமிழில் டைப் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாததால் புரியாத ஆங்கிலக் குறியீடுகளாகத் தெரியும். எழுத்துரு ஃபைலையும் சேர்த்தே நகல் எடுங்கள். முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

3-2-1 கணக்கு

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய எளிய விதி இது. 3 நகல்கள், 2 வேறு வகைச் சாதனங்கள், அதில் 1 வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் இருப்பது முதல் நகல். வெளியே செருகும் ஹார்டு டிஸ்க்கில் இரண்டாவது. மூன்றாவது, கிளவுடில் அல்லது வெளியூர் உறவினர் வீட்டில். கொட்டிவாக்கத்து வீட்டின் நகலைப் பக்கத்துத் தெரு அத்தை வீட்டில் வைத்தால், ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகலாம். மதுரைக்கோ கோவைக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய் வைப்பது புத்திசாலித்தனம்.

கடலோர வீடுகளில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் உண்டு. டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மேல் அலமாரியில் வையுங்கள்.

சீக்கிரம் முடிக்க...

200 ஜி.பி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில் எழுதும் யு.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க்கில் சுமார் 35 நிமிடத்தில் ஏறிவிடும்; சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் கூடுதல் நேரம் ஆகும். அதே 200 ஜி.பி.யை 20 எம்.பி.பி.எஸ். அப்லோடு வேகத்தில் கிளவுடுக்கு அனுப்ப 22 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே மொத்தத்தையும் டிஸ்க்கில் எடுங்கள். மிக முக்கியமானதை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள்.

முழு பேக்கப் ஒருமுறை எடுத்தால் போதும். அடுத்தடுத்த முறை, புதிதாகச் சேர்ந்ததையும் மாறியதையும் மட்டும் எடுக்கும் வசதி உண்டு. விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி', மேக்கில் 'டைம் மெஷின்' இந்த வேலையைத் தானே செய்யும். வாரம் ஒருமுறை டிஸ்க்கைச் செருகினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முடிந்ததும் மறக்காமல் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளைப் பாதித்த 'வான்னாக்ரை' போன்ற வைரஸ்கள், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பவை. செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் அவை விட்டுவைப்பதில்லை.

'எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே' என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கம்ப்யூட்டரோடு இணைந்த டிரைவ் ஒரு கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அழித்தது 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், பிறகு போய்விடும். அதனால் அதை மட்டுமே நம்பாதீர்கள்.

திரும்ப வருமா?

பேக்கப் எடுப்பதே திரும்பப் பெறத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஒரு பழைய போட்டோ, ஒரு வீடியோ, ஒரு கணக்கு ஃபைல் என்று நாலைந்தைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே 16 ஜி.பி. அல்லது அதற்கு மேல் உள்ள ஒரு காலி பென் டிரைவில் 'ரெக்கவரி டிரைவ்' உருவாக்கி வையுங்கள். விண்டோஸ் எழுந்திருக்காத நாளில் அதுதான் கைகொடுக்கும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் 'பிட்லாக்கர்' பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

புதிய கம்ப்யூட்டருக்கு மாறும்போது இந்த வரிசையில் போனால் குழப்பம் இருக்காது: முதலில் விண்டோஸ், அடுத்து அதன் அப்டேட்கள், பிறகு மென்பொருட்களும் எழுத்துருக்களும், கடைசியாக உங்கள் ஃபைல்கள். எல்லாம் சரியாக வந்ததைப் பார்க்கும்வரை பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்காதீர்கள்.

ஒருவேளை டிஸ்க் நனைந்துவிட்டால், 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று மின்சாரம் கொடுக்கவே கூடாது. நீங்களே திறக்கவும் வேண்டாம். டேட்டா மீட்கும் நிபுணரிடம் அப்படியே கொடுங்கள். செலவு அதிகம், உத்தரவாதமும் கிடையாது. பேக்கப் அதைவிட மலிவு.

இதற்கெல்லாம் நாள் பார்க்க வேண்டுமா? நம் காலண்டரிலேயே பொருத்தமான ஒரு நாள் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டரைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைப்பது பல வீடுகளில் வழக்கம். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்னால் வரும் பண்டிகை அது. அந்தப் பொட்டு வைக்கும் முன், டிஸ்க்கைச் செருகி ஒரு பேக்கப். பிறகு நாலு ஃபைலைத் திறந்து ஒரு சோதனை. பொரி, சுண்டல் தயாராவதற்குள் முடிந்துவிடும்!