திறந்த ஏடும் திரைமறைவும்

ஒலியைப் பதியவும் திருத்தவும் உலகெங்கும் பயன்படும் மென்பொருள் ஆடாசிட்டி. 2000-இல் வெளிவந்தது. விலையில்லை, அதன் மூலநிரலோ எவரும் எடுத்துப் படிக்கத்தக்க திறந்த ஏடு!

2021-இல் மியூஸ் குழுமம் அதனைக் கைக்கொண்டது. வந்த சூட்டிலேயே, பயன்படுத்துவோர் செயல்களைக் குறித்தனுப்பும் கருவியொன்றைப் புகுத்த முனைந்தது. கூகுள், யாண்டெக்ஸ் வழியே செல்லுமாம் அந்தக் குறிப்புகள்! "விரும்பினால் மட்டுமே" என்றனர். விருப்பம் கேட்டது நன்று. ஆனால், ஓசையை வெட்டும் கத்தரிக்கோலுக்கு ஒற்றர் வேலை எதற்கு? கேட்டனர் மக்கள், கிளம்பிற்று எதிர்ப்பு, கைவிடப்பட்டது திட்டம்!

வெற்றியைத் தந்தது வாளா? அரசாணையா? இல்லை. நிரல் திறந்திருந்தது. அதனால் கண்டனர், கண்டதால் கேட்டனர், கேட்டதால் தடுத்தனர்.

மூடிய நிரலில் இப்படியொரு கருவி நுழைந்தால், கதவுக்கு வெளியே நிற்கும் நாம் காண்பது எங்ஙனம்? உரிமையாளர் உரைப்பதே உண்மை என்று தலையாட்ட வேண்டியதுதானா?

ஒன்றை மறவாதீர், தோழர்களே! ஏடு திறந்திருந்தால் மட்டும் போதாது. படிக்கும் கண் வேண்டும், தட்டிக் கேட்கும் நாவும் வேண்டும். திறந்த நிரல் தருவது உரிமை. விழித்திருப்பது நம் கடமை!