இனிஷியலுக்குப் பின் ஓர் இடைவெளி

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடி தம்பி. நம் சின்னாளப்பட்டியில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் அரசு கொடுத்த மடிக்கணினி சும்மா கிடக்கிறது. 2011-இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் உருவாக்கியது, அடித்தளம் டெபியன். ஷெல் ஸ்கிரிப்ட் பழக அது தாராளமாகப் போதும்.

அந்தக் கணினியில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதை 'எட்சி' அடைவில் உள்ள பாஸ்வேர்டு கோப்பு சொல்லும். நெசவாளர் சங்கப் பேரேடு மாதிரி ஆளுக்கு ஒரு வரி. இதைப் பார்:

செல்வி:எக்ஸ்:1001:1001:மா. செல்வி,,,:/ஹோம்/செல்வி:/பின்/பாஷ்

கோலன் பிரிக்கும் ஏழு புலங்கள். பயனர் பெயர், கடவுச்சொல்லின் இடம், பயனர் எண், குழு எண், முழுப்பெயர், வீட்டு அடைவு, ஷெல். கோப்பின் பெயரில்தான் பாஸ்வேர்டு உண்டு, உள்ளே வெறும் எக்ஸ். உண்மையான கடவுச்சொல் மறையாக்கம் செய்யப்பட்டு, சாதாரணப் பயனர் திறக்க முடியாத 'ஷேடோ' கோப்புக்குப் போய்விட்டது.

இந்தக் கோப்பில் எத்தனை மனிதர்கள் என்று எண்ண, ஒவ்வொரு வரியாக எடுக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் 'கேட்' கட்டளையின் வெளியீட்டை அப்படியே 'ஃபார்' சுற்றுக்குள் கொடுத்துவிடுவார்கள். 'ஃபார்' வரியைப் பார்க்காது, இடைவெளியைப் பார்க்கும். நம் ஊரில் இனிஷியல் இல்லாத பெயர் ஏது? "மா." வரை ஒரு துண்டு, "செல்வி" முதல் இன்னொரு துண்டு. ஒரே ஆள் இரண்டு சுற்றில் வருவார், இரண்டுமே அரைகுறை. இடைவெளி இல்லாத பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. அதனால்தான் நம் பெயர்களை வைத்தே சோதிக்கச் சொல்கிறேன்.

சரியான வழி 'வைல் ரீட்'. 'ரீட்' ஒரு தடவைக்கு ஒரு வரியை முழுசாக எடுக்கும். ஸ்கிரிப்டில் 'ரீட்'டுக்கு முன்னால், அதே கட்டளை வரியில் ஐஎஃப்எஸ் என்ற மாறிக்குக் கோலனைக் கொடு. கோலன் கண்ட இடத்தில் மட்டும் வெட்டி, நீ சொல்லும் ஏழு மாறிகளில் போட்டுவிடும், இனிஷியலும் பெயரும் பிரியாது. அந்த மாற்றம் 'ரீட்'டோடு முடிந்துவிடும், ஸ்கிரிப்டின் மற்ற பகுதியைத் தொடாது. 'ரீட்'டுக்குப் பின் கழித்தல் குறியும் ஆர் எழுத்தும் போட மறக்காதே. இல்லாவிட்டால் பின்சாய்வுக் கோடுகளை விழுங்கிவிடும்.

எல்லா வரியும் மனிதர் இல்லை. டெபியனில் மனிதர்களுக்கு எண் 1000-இலிருந்து தொடங்கும், ரூட்டுக்கு 0, 'நோபடி'க்கு 65534. சுற்றுக்குள் ஓர் 'இஃப்' வைத்து எண்ணைப் பார்த்து வடிகட்டு.

கோப்பை பைப் வழியாகச் சுற்றுக்குள் அனுப்பாதே. பாஷில் பைப்புக்குப் பின்னால் வரும் சுற்று தனி ஷெல்லில் ஓடும். உள்ளே எத்தனை பேரை எண்ணினாலும் வெளியே வந்ததும் எண்ணிக்கை பழையபடி பூஜ்யம். 'டன்' என்று முடிக்கும் இடத்தில் கோணக்குறி போட்டுக் கோப்பின் பெயரைக் கொடு, எண்ணிக்கை நிற்கும்.

நாளைக்கு நீ காந்திகிராமத்திலோ திண்டுக்கல்லிலோ கல்லூரி லேபில் உட்காரும்போது, கணக்குகள் எல்லாம் எல்டாப் என்ற மைய சர்வரில் இருக்கலாம். அங்கே இந்தக் கோப்பில் உன் பெயரே இருக்காது. 'கெட்என்ட் பாஸ்வேர்டு' என்று கேட்டுப் பார், கணினியின் அமைப்பு அனுமதித்தால் சர்வரில் உள்ளவர்களையும் இதே ஏழு புலங்களில் கொடுக்கும். சுற்றுக்குள் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை, 'டன்'னுக்குப் பின் கொடுக்கும் உள்ளீட்டை மட்டும் மாற்றினால் போதும்.