உங்களுக்குத் தெரியுமா? காரைக்குள் ஒளிந்திருந்த தங்க புத்தர்

பாங்காக் வாட் டிரைமித் கோயிலின் 5.5 டன் தங்க புத்தரை, 1955 வரை எல்லோரும் சாதாரணச் சுதைச் சிலை என்றே நினைத்தார்கள்! இடம் மாற்றத் தூக்கியபோது கயிறு அறுந்து சிலை விழுந்தது. காரை பெயர்ந்த இடத்தில் பொன் மின்னியது.

• இந்தக் கோயிலுக்கு ஹுவா லம்போங் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பக்கத்திலேயே சைனா டவுன். சாப்பாட்டுக் கடைகள் களைகட்டுவது இரவில்தான்.

• பாங்காக்கின் இன்னொரு கோயிலான வாட் போவில் 46 மீட்டர் நீளச் சயன புத்தர். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். பக்தர்கள் ஒவ்வொன்றாகக் காசு போட, ‘டிங் டிங்’ சத்தம் ஓயாது.

• அங்கிருந்து படகில் ஆற்றின் எதிர்க்கரைக்குப் போனால் வாட் அருண் கோயில். கோபுரத்துப் பூக்களெல்லாம் சீனப் பீங்கான் துண்டுகள்.

• சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில். தாய்லாந்துக்காரர்கள் கூட்டமும் அதிகம்.