ஒரு குவளை நீரும் அதன் குடிகளும்

சிம்மக்கல்லிலுள்ள கற்சிங்கத்தை அறியாத மாணாக்கர் நம்முள் இலர். ஆங்கிருந்து வடக்கே சிறிது நடப்பின் வையைக் கரை. மழைக்குப்பின் மணற்பள்ளத்தில் தேங்கும் நீரைக் கண்ணாடிக் குவளையில் முகந்து வெயிலுக்கு நேரே பிடித்தால், வெண்புள்ளிகள் சில துள்ளித் துள்ளி நீந்தக் காண்போம். அவை இறாலுக்கும் நண்டுக்கும் உறவான பிராணிகள். துடுப்புக்காலிகள் ஒருசார், நீர்த்தெள்ளுகள் மற்றொருசார். பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படா.

இவற்றிற்குப் பெயரிடுவதனால் யாது பயன் என்பாரும் உளர். நரம்புச் சிலந்தி நோயை நம் முன்னோர் நன்கறிவர். அந்நோய்ப் புழுவின் குஞ்சுகளைத் தன்னுட் கொண்டு, குடிநீர் வழியே மனிதர் வயிற்றிற் சேர்ப்பது சைக்ளாப்ஸ் வகைத் துடுப்புக்காலியே. அவ்வகை எல்லாம் இத்தீங்கைச் செய்வனவல்ல. ஆதலின் இன்னது இன்ன இனம் என்றறிதல் வேண்டும். (இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1996-ல்.) ஆயினும் நெடுங்காலம் நம் நாட்டுப் பிராணிக்கும் மீசோசைக்ளாப்ஸ் லூக்கார்ட்டி என்னும் ஐரோப்பியப் பெயரே வழங்கிற்று. 1981-ல் கீஃபர் என்னும் ஜெர்மானியர், அவ்வொரு பெயரின்கீழ்ப் பல இனங்கள் கலந்து கிடந்தமையைப் பூதக்கண்ணாடி கொண்டே காட்டினார்.

கண்ணுக்கு எட்டாத வேற்றுமையைக் காட்டுவது டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள். சாராயத்தில் இட்டுக் காத்த பிராணியின் ஒரு கால் போதும். அதனின்று எடுத்த மரபுப்பொருளைச் சூடேற்றின் இரு புரிகளும் பிரியும்; ஆறியபின் ஒவ்வொன்றும் தனக்கோர் இணையைப் பெறும். இவ்வாறு முப்பது முறை இரட்டித்தால் ஒன்று 100 கோடிக்கு மேலாகும் என்பது கணக்கு. பின்னர் அதன் எழுத்துக்களை யந்திரம் வாசிக்கும். எழுத்துக்கள் நான்கே. கானடா நாட்டுக் குவெல்ஃப் சர்வகலாசாலைப் பேராசிரியர் பால் ஹெபர்ட், ஏறத்தாழ 650 எழுத்துள்ள ஒரு பகுதியை விலங்கினங்களின் அடையாளமாகக் கொள்ளலாமென 2003-ல் எழுதினார். அவர் முன்பு நீர்த்தெள்ளுகளை ஆராய்ந்தவர் என்பது நமக்கு உவகை தருகின்றது. உலகெங்கும் ஒன்றே எனப்பட்ட மொய்னா மைக்ரூரா என்னும் நீர்த்தெள்ளும், இம்முறையால் ஒன்றன்று, பல என்று தெரியவந்தது.

எனினும் இம்முறையே போதுமென்று நாம் கொள்ளோம். அவ்வெழுத்துக்கள் தாய்வழியே மட்டும் வருவன. இரண்டு இனங்கள் கலந்து பிறந்த நீர்த்தெள்ளை அது தாயின் இனமென்றே சொல்லும். மேலும், முதலிற் பெயரிட்டவர் பிழைத்திருப்பின், அப்பிழையே எழுத்தோடு எங்கும் பரவும். ஆதலின் வையை நீரை ஆராயப் புகும் நம் மாணாக்கர், காலைக் கொய்யுமுன் பிராணியின் உருவத்தை வரைந்துகொள்க. எஞ்சிய உடலை, எடுத்த இடமும் நாளும் குறித்த சீட்டுடன், புட்டியில் வைத்துக் காக்க.